அடுப்பு எரியாத மாதங்கள்

ஒரு திங்கட்கிழமை காலையில் சிலாஸ் வேலைக்குப் போகச் சட்டையை மாட்டினார். பாதிப் பித்தானைப் போட்டவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சிகந்தராபாத் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் அத்தனை வருஷமாக ஒரு நாள்கூடப் பிந்தாத கிளார்க் அவர். லோயிஸ் சோற்றுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எனக்கு முடியல, லோயிசு" என்றார். "என்ன முடியலன்னு கேக்காத. தெரியல."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. சிலகல்கூடாவில் இரண்டறை வீடு அவர்களுக்கு. பிள்ளைகள் இல்லை. லோயிஸ் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். இருவருடைய குடும்பங்களும் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்குப் பிழைக்க வந்தவை. கடைத்தெருவில் தெலுங்கும் தக்கனி உருதுவும் பேசினாலும் வீட்டுக்குள் வந்தால் திருநெல்வேலிப் பேச்சுதான். சிலாஸுக்கு நல்ல கனத்த குரல். தமிழ்ச் சபைப் பாடகர் குழுவில் அவர் பின்வரிசையில் நின்றால் முன்வரிசைக்காரர்களுக்குத் தைரியம் வரும் என்பார்கள்.

அந்தக் குரல் நின்றுபோனது. குளிக்கச் சொன்னால் குளித்தார், சொல்லாவிட்டால் இல்லை. வாயெல்லாம் புண். வயிறு நாள்கணக்கில் இளகாது. தூக்கம் கிடையாது. டாக்டர் நாக்கைப் பார்த்துவிட்டு டானிக் எழுதிக் கொடுத்தார். சபைப் போதகர் ஐயர் வந்து தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். அவர் போன பிறகு சிலாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். லோயிஸ் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, கருவாட்டுத் தொக்கு, சொதி. எல்லாம் தட்டிலேயே ஆறிப்போகும். ஆபீசில் சம்பளத்தைப் பாதியாக்கி விடுமுறை கொடுத்திருந்தார்கள்.

பக்கத்துச் சந்தில் ஒரு தெலுங்குக்காரர் இருந்தார். மதராஸ் மாகாணத்தில் பல ஊர்களில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் நன்றாகப் பேசுவார். தன்னுடைய தீராத வயிற்றுவலியைப் பச்சை உணவால் தீர்த்துக்கொண்டதாகச் சொல்லி எல்லோரையும் பிடித்து நிறுத்திப் பேசுவதால், அவரைக் கண்டால் தெருவில் பாதிப் பேர் ஒதுங்கிப் போவார்கள். லோயிஸும் ஒதுங்கியவள்தான். இப்போது வேறு வழி இல்லாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவர் சிலாஸைப் பார்க்கக்கூட வரவில்லை. நெருப்புப் பட்ட எதையும் கொடுக்காதே என்றார். முளைகட்டிய பாசிப்பயறு, ஊறவைத்த வேர்க்கடலை, தேங்காய்த் துருவலோடு காரட், வெள்ளரி, தக்காளி, பேரீச்சம்பழம், அந்தந்தக் காலத்துப் பழம். கறி, மீன், காபி எதுவும் கூடாது. குடல் சுத்தமானால் மனசும் தெளியும் என்றார். அவர் சொன்ன உறுதியைப் பார்த்தே அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதி வராமலே ஆரம்பித்தாள்.

சிலாஸ் தனியாகச் சாப்பிட மாட்டார் என்பதால் அவளும் அதையே தின்றாள். அடுப்பைச் சாணமிட்டு மெழுகி, மேலே ஒரு பலகையைப் போட்டுப் பழக்கூடையை வைத்தாள். முதல் வாரம் அவளுக்குத்தான் திண்டாட்டம். பக்கத்து வீட்டில் தாளிக்கிற மணம் வந்தால் கண்ணில் நீர் வரும். பள்ளியில் யாராவது சூடாக ரசம் கொடுத்தால் மறைவாக நின்று குடித்துவிட்டு, வீட்டுக்குள் நுழையுமுன் வாயைக் கொப்பளிப்பாள்.

அப்போது சீத்தாப்பழக் காலம். மோண்டா மார்க்கெட்டில் ஜுலைகா என்ற பழக்காரியிடம் வாங்குவாள். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருமுறை சொன்னதிலிருந்து, ஜுலைகா கூடையின் அடியில் கையை விட்டுக் கண் விரிந்த பழமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள் சாயங்காலம் சிலாஸ் ஒரு பழத்தைப் பிட்டு, கொட்டைகளைத் துப்பித் துப்பி, முழுவதையும் தின்று முடித்தார்.

"நல்லா இனிக்கு" என்றார்.

லோயிஸ் சமையல்கட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் ஒரு பொருளைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான். வாய்ப்புண் ஆறியது. வயிறு ஒழுங்குக்கு வந்தது. இரவில் குறட்டை கேட்டது, அதைக் கேட்டுக்கொண்டு அவள் விழித்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். புது வருஷத்தில் வேலைக்குப் போனார். சபையில் கேலி இருந்தது. சிலாஸ் ஆடு மாதிரி இலை தழை தின்கிறார், கிறிஸ்துவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையா என்றார்கள். ஈஸ்டர் ஆராதனையில் அவர் பழைய இடத்தில் நின்று பாடியபோது கேலி நின்றது. பிறகு அதே ஆட்கள் லோயிஸிடம் வந்து பயறு எப்படி முளைகட்டுவது என்று கேட்டார்கள்.

ஜூலையில் மழை பிடித்தது, கூடவே காலராவும் வந்தது. முதலில் ஆற்றங்கரைப் பக்கம் என்றார்கள், பிறகு அடுத்த தெருவிலேயே. தமுக்குப் போட்டுக்கொண்டு ஆள் வந்தான். தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், வேகாத காய், நறுக்கிய பழம், ஊறவைத்த பயறு எதையும் தொடக்கூடாது. கிணறுகளில் மருந்து போட்டுத் தண்ணீர் ஊதா நிறத்தில் வந்தது. மார்க்கெட்டில் பழக்கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். லோயிஸ் விடாமல் ஜுலைகாவைத் தேடிப் போனாள். அவள் மார்க்கெட்டுக்குப் பின்னால் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தாள். வாழைப்பழமாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆனால் ஒரு கூடையில் துணிக்கடியில் கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பது லோயிஸுக்குத் தெரிந்தது.

"நக்கோ அம்மா, வேண்டாம்" என்றாள் ஜுலைகா. "என் அக்கா பையன் நேத்துப் போயிட்டான். உங்க கையில இதக் குடுக்க மாட்டேன்."

லோயிஸ் அங்கிருந்து நேராகப் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். சந்து முனையிலேயே அவர் வீட்டுக் கூரை மேல் புகை தெரிந்தது. உள்ளே பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கஞ்சி. மகள் பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவர் முதலில் எழுந்து கதவை மறைப்பது போல் நின்றார், பிறகு விலகிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரருக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க. நானே பயந்துட்டேன்."

அவள் அவரோடு சண்டை போடத்தான் போயிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

வீட்டில் இருந்த கொய்யாக்காய்களை மருந்துத் தண்ணீரில் போட்டு எடுத்தாள். தோல் பழுப்பேறி நாற்றமடித்தது. சிலாஸ் அதையும் முகம் சுளிக்காமல் தின்றார். அன்று இரவு முழுவதும் அவருடைய வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் எதிர்வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் போனார்கள். லோயிஸ் பலகையை எடுத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சிலாஸ் நிலைப்படியில் வந்து நின்றார். "வேண்டாம், லோயிசு. திரும்ப அங்க போயிருவேன்னு பயமா இருக்கு."

"நீங்க செத்துப் போயிட்டியன்னா நான் என்ன செய்வேன்?"

அவர் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். கொதிக்கக் கொதிக்க அவள் வைத்த கஞ்சியைப் பணிவான பிள்ளை மாதிரிக் குடித்தார். அந்தப் பணிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த மாதம் சபையில் அடக்கங்கள் ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் பாடகர் குழு போனது, சிலாஸும் போனார். ஆகஸ்ட் முடிவதற்குள் பாடுவதை நிறுத்தினார். வயிறு மறுபடி கட்டியது. பிறகு ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. இம்முறை ஆபீசில் காத்திருக்கவில்லை. வேறொருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

காலரா ஓய்ந்ததும் லோயிஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். அதே பயறு, அதே தேங்காய், அதே வெள்ளரி. ஜுலைகா மறுபடி கடை போட்டிருந்தாள், மறுபடி நல்ல பழமாகத் தேடிக் கொடுத்தாள். சிலாஸ் தின்றார். வாய்ப்புண் ஆறியது, உடம்பில் சதைகூடப் பிடித்தது. மனசு மட்டும் எழும்பவில்லை. போன முறை எழுப்பியது அந்தச் சாப்பாடா, தானாகவே கலைந்த மேகமா? இந்த முறை கவிழ்த்தது கஞ்சியா, சவப்பெட்டிகளா, வேலை போனதா? அவளுக்கு விளங்கவில்லை. அடுப்பைப் பற்ற வைக்காமல் இருந்திருந்தால் என்று யோசிக்கும்போதே எதிர்வீட்டுத் திண்ணையில் கிடத்தியிருந்த இரண்டு உடம்புகள் நினைவுக்கு வரும். அதோடு யோசனை நின்றுவிடும்.

அதற்குப் பிறகும் சிலாஸ் பல வருஷம் இருந்தார். சில சமயம் இரண்டு மூன்று மாதம் தெளிவாக இருப்பார், கடைக்குப் போவார், செய்தித்தாள் படித்துக் காட்டுவார். காரணம் எதுவுமில்லாமல் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். லோயிஸ் தையல் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினாள். நாளடைவில் சோறும் வைத்தாள், நறுக்கிய பழமும் வைத்தாள். எதைத் தொடுகிறாரோ தொடட்டும் என்று விட்டுவிட்டாள். உலக யுத்தம் முடிந்த பிறகும் ரேஷன் இருந்த ஒரு வருஷம், தூக்கத்திலேயே அவர் இறந்துபோனார்.

அதற்கு அடுத்த ஆண்டு, லாலாகூடா ரயில்வே காலனியிலிருந்து அலமு என்ற பெண் தேடி வந்தாள். அவளுடைய புருஷன் வொர்க்‌ஷாப்பில் பிட்டர். ஆறு மாதமாக யாரோடும் பேசுவதில்லை, இரவில் எழுந்து உட்கார்ந்து கொள்கிறானாம். டீச்சர் வீட்டுக்காரருக்குப் பச்சைச் சாப்பாட்டில் குணமானதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

லோயிஸ் அவளை உட்கார வைத்து, பயறை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எந்தத் துணியில் கட்டுவது, எதை எதனோடு சேர்க்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அலமு உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டாள். பிறகு லோயிஸ் மீதியையும் சொன்னாள், ஈஸ்டரையும் ஆகஸ்டையும். அதற்குள் அலமு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இதையும் ஒருக்க கேட்டுட்டுப் போ" என்றாள் லோயிஸ். "அதனாலதான் சரியாச்சுன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது."

"ஆனா பாடினாருல்ல டீச்சர்" என்றாள் அலமு. "கோயில்ல நின்னு பாடினாருன்னு சொன்னாங்களே."

"பாடினாரு."

அலமுவுக்கு அது போதுமாக இருந்தது. மார்க்கெட் மூடுவதற்குள் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.