இடிந்த மடங்களுக்கு வந்த அழைப்புகள்

கூரை போன கோயில்களின் சார்பில் தொலைபேசியில் பேசிச் சம்பளம் வாங்குகிற தொழில் ஒன்று இருக்கிறது, திருகோணமலையில் அதைச் செய்கிறவர்கள் நாங்கள் ஒரு சிலர்தான்.

அடுத்தவரின் எரிச்சலைக் காதில் வாங்கி வயிறு வளர்க்கிற என் இனத்தவரே, நீங்கள் வங்கியில் இருந்தாலும் ரெலிபோன் கொம்பனியில் இருந்தாலும் உங்கள் பாடு எனக்கு விளங்கும். எங்கள் பாடு கொஞ்சம் வேறு. இங்கிலாந்தில் பழைய துறவி மடங்கள் சிலவற்றைப் பராமரிக்கிற அமைப்பு ஒன்றுக்கு வரும் அழைப்புகள், உள்துறைமுக வீதியில் ஒரு மாடியறையில் வந்து விழும். எங்களுக்குப் பின்னேரம், அவர்களுக்குக் காலை. எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், நாயைக் கொண்டுவரலாமா, கழிப்பறை உண்டா என்று கேட்பார்கள். நாங்கள் சொல்வோம்.

ஏறத்தாழ ஐந்நூறு வருசத்துக்கு முன்னர் அந்த நாட்டு அரசன் ஒருவன் இந்த மடங்களை மூடி, துறவிகளை வெளியேற்றி, கூரையில் இருந்த ஈயத்தைக் கழற்றி உருக்கி விற்றான். மிச்சக் கல்லை ஊர்ச்சனம் வீடு கட்டவும் மாட்டுத் தொழுவம் கட்டவும் அள்ளிக்கொண்டு போனது. இங்கே வந்த அந்நியர் கோணமலைக் கோயிலை உடைத்து அந்தக் கல்லில் கோட்டை கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இதை ஒருவரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. எங்களுக்குத் தொலைபேசி எடுப்பவர்கள் பேசுவது ஆங்கிலம். என் காதுக்குள் அது என் ஊரான சல்லியின் தமிழாகத்தான் இறங்கும், அப்படியே எழுதுகிறேன்.

ஒரு தகரம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மனிதர் எடுத்தார். குடும்பத்தோடு மடம் பார்க்கப் போன இடத்தில் மழை பிடித்துவிட்டதாம். தூணும் வளைவும் வானத்தைப் பார்த்தபடி நிற்க, பிள்ளைகள் நனைந்த கோழிக்குஞ்சுகளாக நின்றார்களாம். நான் பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தேன். அரசன் கழற்றியதைச் சொன்னேன். விழுந்ததை இப்போது திருப்பிக் கட்டமாட்டார்கள், நிற்பதை விழாமல் பார்த்துக்கொள்வார்கள், அதுதான் அங்குள்ள முறை என்றும் சொன்னேன். உண்மையில் அந்த முறை எனக்கே பிடிக்கவில்லை. ஒன்றில் கட்டவேண்டும், இல்லாவிட்டால் தள்ளிவிட வேண்டும் என்கிற கட்சி நான்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ராசா கழட்டினது சரி, தங்கச்சி. பிறகு வந்த ஒருத்தருக்குமே ஒரு தகரம் போட மனம் வரேல்லையே?"

சல்லியில் நிற்கும் சுவர்

தள்ளிவிட வேண்டும் என்ற கட்சியில் நான் சேர்ந்தது இங்கிலாந்தை நினைத்து அல்ல. எங்கள் ஊர் சல்லி. கடல் ஊருக்குள் வந்த அன்று அண்ணா தொழிலுக்குப் போய் ஆழக்கடலில் நின்றார். அலை தன் வள்ளத்துக்குக் கீழால் போனது அவருக்குத் தெரியவே இல்லை. கரைக்கு வந்துதான் தெரிந்தது. அண்ணியின் உடல் கிடைத்தது. மகள் கீர்த்தனாவினுடையது கிடைக்கவில்லை. பிறகு உள்ளுக்குத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள், அண்ணா அங்கே போனார். கரையில் பழைய வீட்டின் நிலமும், வாசலோடு கூடிய முன்சுவரும் மட்டும் மிஞ்சின. மற்ற மூன்று பக்கமும் வெளி. வள்ளத்துக்குப் போகிற வழியில் அதைக் கடக்கும்போது அண்ணா தலையைத் திருப்பமாட்டார்.

மீனவர் சங்கத்துக்கு வலைகள் வைக்க இடம் தேவைப்பட்டது. அந்த நிலம் சீமெந்து போட்டது, தோதானது. வந்து மரியாதையாகக் கேட்டார்கள். அண்ணா ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. அவரால் பார்க்கமுடியாத அந்தச் சுவர் போய்விட்டால் அவர் கொஞ்சம் நித்திரை கொள்வார் என்று நான் நம்பினேன். போன மாரி மழையில் வாசலின் மேல்மூலையிலிருந்து ஒரு வெடிப்பு ஓடியது. இன்னொரு மாரிக்கு அது நிற்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சங்கச் செயலாளர் ராசன் என்னைச் சந்தியில் கண்டு மறித்துச் சொன்னார்: "நாங்கள் கை வைக்கமாட்டம், சுகந்தி. மழை தள்ளட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்."

வாசலில் கழற்றிய சப்பாத்து

எங்கள் அறையில் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பர்சானா, கிண்ணியாவிலிருந்து பாலத்தால் பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, வயதான ஒரு அம்மா எடுத்து, "உள்ளுக்குப் போக முந்தி ஏதும் செய்யவேணுமோ?" என்று கேட்டிருக்கிறார். அவர் நினைத்தது ரிக்கற் வாங்குவதை. இவள் ஒரு கணமும் யோசிக்காமல், சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டாள். நான் தலையில் கை வைத்தேன். அது கூரையில்லாத இடம், நிலமெல்லாம் புல், அந்த ஊர்க் குளிரில் யாராவது வெறுங்காலோடு போவார்களா என்று கேட்டேன். "தொழுத இடம்தானே அக்கா, சப்பாத்தோட எப்படிப் போறது?" என்றாள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் அந்த அம்மாவே திரும்ப எடுத்தார். முறைப்பாடு என்று பயந்து அழைப்பை நான் வாங்கிக்கொண்டேன். அவரும் கணவரும் சப்பாத்தை வாசலில் வைத்துவிட்டு, ஈரப் புல்லில், பீடம் இருந்த இடம் வரைக்கும் போய் வந்திருக்கிறார்கள். அந்த மடத்துத் துறவிகள் பேசாமல் வாழ்ந்தவர்கள் என்று அங்கே ஒரு பலகையில் எழுதியிருக்கும். அம்மா சொன்னார்: "கால் விறைச்சுப் போச்சுது, பிள்ளை. எண்டாலும் கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனிசன் வாய் திறக்காமல் ஒரு இடத்தில நடந்தது நேற்றைக்குத்தான்."

காருக்குக் கீழே

எல்லா மடங்களும் காட்டுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் இருந்தவை அல்ல. பிச்சை ஏற்று வாழ்ந்த துறவிகள் சிலர் பட்டினத்துக்கு நடுவிலேயே மடம் வைத்திருந்தார்கள். பட்டினம் வளர்ந்து அவற்றைத் தின்றுவிட்டது. எங்கள் பொறுப்பில் உள்ள ஒன்றில் மிச்சம் ஒரு வளைவு மட்டும்தான். மற்றதெல்லாம் கார் தரிப்பிடம்.

அதற்குப் பக்கத்தில் வேலை செய்கிற ஒருவர் எடுத்தார். துறவிகளை அந்த நிலத்திலேயே புதைத்திருந்தார்கள், பலர் இன்னும் கீழே கிடக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் வாசித்தாராம். எந்தப் பக்கம், எந்த மூலை என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். ஒரு பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரியாத வீட்டிலிருந்து வந்து இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று இருந்தது. அந்த மனிதர் சொன்னார்: "வேற இடத்தில காரை நிப்பாட்ட வசதியில்லை, மிஸ். இனிமேல் மெதுவாக் கொண்டுவந்து விடுறன்."

மேலே புல்

அண்ணா என் வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. புரட்டாதி முடிகிற நேரம், குசினியில் சோறு போட்டுக் கொடுக்கும்போது சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்: "உன்ர வெள்ளைக்காரர் அந்தச் சுவருகள் விழாமல் என்ன செய்யினம்?" நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எந்தச் சுவருக்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. தள்ளிவிட்டால் நித்திரை கொள்வார் என்று அவ்வளவு நாளும் நான் நினைத்திருந்தது முழுப் பிழை.

மடம் ஒன்றின் காவலாளியாக இருக்கிற மார்கிறெற்றோடு வேலை விசயமாக அடிக்கடி கதைப்பேன். அவரிடம் கேட்டேன். சுவர் சாவது மேலிருந்துதான் என்றார். மழைத்தண்ணீர் தலையால் இறங்கி உள்ளே தங்கிப் பிளந்துவிடும். அதனால் சில இடங்களில் சுவரின் தலையில் களிமண் வைத்து அதன்மேல் புல் வளர்ப்பார்களாம், தண்ணீரைப் புல் குடித்துவிடுமாம். முதலில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள், உங்கள் நாட்டுச் சுவருக்கு இது சரிவருமோ எனக்குத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், எந்த நூற்றாண்டு இடிபாடு என்று கேட்டார். நான் அண்ணியையும் கீர்த்தனாவையும் சொன்னேன். இருபது வருசத்துக்குக் கொஞ்சம் மேல் என்றேன். அவர் சொன்னார்: "அப்ப அதை இடிபாடு எண்டு சொல்லாதைங்கோ, சுகந்தி. அது இன்னும் வீடு."

மாரி

மார்கிறெற் சொன்னதை அண்ணாவிடம் சொன்னேன். கடற்கரை மணல் சுவரில் நிற்காது. அண்ணா தோப்பூரில் தன்னிடம் மீன் வாங்குகிற ஒருவரின் வயலிலிருந்து களிமண் கொண்டுவந்தார். உடைந்த வள்ளத்தின் பலகைகளை இரண்டு பக்கமும் முட்டாகக் கொடுத்தார். களியைப் பிசைந்து சுவரின் தலையில் அப்பி, அறுகம்புல்லைப் பிடுங்கி வந்து நட்டார். மழை வரும்வரைக்கும் எங்கள் வெயிலில் அது கருகிவிடும் என்பதால், ஒவ்வொரு நாளும் தொழிலுக்குப் போகமுன் ஏணி வைத்து ஏறி வாளியால் தண்ணீர் தெளித்தார். சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனிதனை ஊர் பார்த்தது. சிரிக்க வந்தவர்களும் அண்ணாவின் முகத்தைக் கண்டு பேசாமல் போனார்கள்.

மாரி இந்த முறை சும்மா வரவில்லை. நாட்கணக்கில் அடித்தது. அலுவலகத்தில் யாரோ ஒருவருக்கு ரிக்கற் விலை சொல்லிக்கொண்டே ஜன்னலால் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விடியற்காலை சத்தம் கேட்டது. ஓடிப் போனோம். வாசலுக்குத் தெற்கே நின்ற சுவர்த்துண்டு விழுந்து கிடந்தது. வாசல் நின்றது. தலையில் புல் நனைந்து பச்சையாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் ராசனும் சங்கத்து ஆட்கள் சிலரும் வந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே மரங்களைக் கொண்டுவந்து மழைக்குள் நின்று வாசலுக்கு முட்டுக் கொடுத்தார்கள். நான் வெளிப்படையாக அழுதேன். அண்ணா அழவில்லை. வேலை முடிந்ததும் ஆட்கள் நிலத்தின் சுவரில்லாத பக்கத்தால் குறுக்கே நடந்து போக வெளிக்கிட்டபோது, அவர்களை நிறுத்தி, அவ்வளவு காலமும் சொல்லாத பதிலைச் சொன்னார்: "ராசன், வலையளைக் கொண்டுவந்து உள்ளுக்க வையுங்கோ. ஆனா வாறது போறது வாசலால. வீட்டுக்க ஆரும் சுவரால வாறேல்ல."

மூன்று பக்கமும் திறந்து கிடக்கிற இடத்துக்குள் சல்லி ஆம்பிளைகள் இப்போது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வாசலால்தான் போய்வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டு எனக்கு இதுவரை ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை.