பேனுக்கு ஏற்ற லென்ஸ்

பேனுக்கும் ஒரு முகம் உண்டு என்பதை நான் நான்காம் வகுப்பில் தெரிந்துகொண்டேன். அதனால்தானோ என்னவோ, போன வாரம் என் மகளின் தலையில் ஒன்று ஊர்வதைப் பார்த்ததும் அதை நசுக்க எனக்குக் கை வரவில்லை. நான் தயங்கிய நேரத்தில் அது தப்பித்துவிட்டது. பிறகு மருந்துக்கடையில் எந்த ஷாம்பு குழந்தைக்கு ஆகும், எது ஆகாது என்று கடைக்காரர் சலித்துக்கொள்ளும்வரை கேட்டு ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் போடலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு இந்த யோசனையெல்லாம் கிடையாது. அவருக்கு இரண்டு கட்டைவிரல் நகங்கள் போதும்.

அப்போது பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், அவ்வளவுதான் தொழில். அந்த வருடம் அரூரில் ஒரு பள்ளிக்குக் குரூப் போட்டோ எடுக்கப் போனார். யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று மறுபடியும் போனார். மூன்றாவது முறையும் போய்த் திரும்பியபோது, ஒரு பேனைக் கால் நகம் தெரியும்படி படம் எடுத்தே தீர வேண்டும் என்ற ஆசையோடு வந்தார். ஏன் பேன் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு என்னென்னவோ ஆசைகள் இருக்கும்.

அந்த வேலைக்கென்றே உள்ள லென்ஸ் பெங்களூரில் கிடைக்கும். விலையை விசாரித்த மாமா, "அந்தக் காசுக்கு ஒரு கறவ மாடே புடிச்சிடலாம் பாப்பா" என்றார். ஆகவே பீரோவில் கிடந்த பழைய லென்ஸ்கள் மேசைக்கு வந்தன. எல்லாம் ஃபிலிம் காலத்தவை, கையால் திருகி ஃபோகஸ் செய்பவை. அவற்றை முன்பின்னாகத் திருப்பிக் கேமராவில் மாட்டினால் சின்னது பெரிதாகத் தெரியுமாம்.

"அப்ப புது லென்ஸத் திருப்பி மாட்டுங்க மாமா."

"அது கேமரா சொன்னாத்தான் கண்ணச் சுருக்கும். திருப்பி மாட்டுனா ரெண்டுக்கும் பேச்சுவார்த்த அத்துப்போயிடும். பழசுன்னா வளையத்த நாமளே திருகிக்கலாம்."

கடைசிச் சுற்றுக்கு மூன்று தேறின. ஐம்பது, இருபத்தெட்டு என்று எண் போட்ட இரண்டு. போட்டோவைப் பெரிதாக்கும் பழைய மெஷினிலிருந்து கழற்றிய குட்டி லென்ஸ் ஒன்று. சோதித்துப் பார்க்கப் பேன் வேண்டும். மாமாவின் தலையில் அவை தங்குமளவுக்கு முடி இல்லை. என் தலையில் பஞ்சமே இல்லை.

ஐம்பதில் எள்ளளவு பேன் நெல்லளவு ஆயிற்று. போதாது என்றார். குட்டி லென்ஸை மாட்டுவதற்குப் பிளாஸ்டிக் குழாயை அறுத்து ஒட்டினார். இடுக்கில் வெளிச்சம் புகுந்ததில் பேன் மார்கழிப் பனியில் நடப்பதுபோல் இருந்தது. இருபத்தெட்டைத் திருப்பி மாட்டியதும் பேன் படம் முழுக்க நிறைந்தது. நான் பயந்து பின்வாங்கினேன். ஆனால் ஒரு கால் தெளிந்தால் இன்னொரு கால் மங்கியது. மூச்சு விட்டால் மொத்தமும் கலைந்தது. மாமா மூச்சை அடக்கினார், நானும் அடக்கினேன். பேன் அடக்கவில்லை. மேசையிலிருந்து இறங்கி எங்கோ போய்விட்டது.

இதற்கிடையில் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பெண் அரூரில் அறிவியல் டீச்சர். அதுவரை வந்த எந்த ஜாதகத்துக்கும் பிடிகொடுக்காத மாமா இதற்கு உடனே சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதென்று முடிவாயிற்று. பேன் படமும் அதற்குள் வேண்டும் என்று மாமா என்னிடம் கெஞ்சினார். அம்மாவோ சனிக்கிழமையே என் தலையைச் சுத்தம் செய்யச் சீப்போடு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அம்மா பேச்சையும் தட்ட முடியாது, மாமா பேச்சையும் தட்ட முடியாது.

"அம்மா, நசுக்காத! மாமாவுக்கு ஒன்னு வேணும்."

"எதுக்குடி? வளக்கறதுக்கா?"

வாசலில் மாமா காலித் தீப்பெட்டியோடு நின்றிருந்தார். "ஒன்னே ஒன்னு, அக்கா. கொஞ்சம் பெருசா."

"நாளைக்கிப் பொண்ணு பாக்கப் போறவன் பேசற பேச்சாடா இது? அந்த வூட்ல இவ தலையச் சொறிஞ்சிக்கிட்டு நின்னா நம்மள என்னன்னு நெனைப்பாங்க?" அம்மா கோபத்தில் என் முடி ஒன்றைப் பேனோடு சேர்த்து வெடுக்கென்று பிடுங்கி நீட்டினார். "இந்தா, இதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து!"

மாமா தீப்பெட்டியைப் பக்கத்துக் கூல்டிரிங்ஸ் கடை ஃபிரிட்ஜில் சற்று நேரம் வைத்தார். குளிரில் பேன் அடங்கிவிட்டது. இருபத்தெட்டும் மாட்டியாயிற்று. படம் வந்துவிட்டது.

மறுநாள் அரூரில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மாமா பையிலிருந்து ஒரு பெரிய லேமினேஷன் படத்தை எடுத்தார். சாமி படம் என்று நினைத்த பெண்ணின் அப்பா எழுந்து நின்று இரு கைகளாலும் வாங்கினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்னங்க தம்பி?"

"பேனுங்க."

"யாரு தலையிலதுங்க?"

மாமா என்னைக் காட்டினார். வீடு முழுவதும் என் தலையைப் பார்த்தது. அம்மா என் தொடையில் கிள்ளினார். சம்பந்தம் முறிந்தது, அதுவும் என் தலையால் முறிந்தது என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்த்துப் பார்த்து மூக்கும் முழியுமாக ஒரு அத்தை கிடைக்கவிருந்த நேரம்.

அப்போது அந்த டீச்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து படத்தை வாங்கினார். தூணைக் கட்டிப்பிடித்ததுபோல் பேன் என் முடியைப் பிடித்திருந்தது. அதன் கால் நகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாமாவிடம் மெதுவாகக் கேட்டார்:

"கடைசில இருபத்தெட்டுதானா?"

"ஆமாங்க" என்றார் மாமா, தரையைப் பார்த்து.

பெண்ணுக்குச் சம்மதம் என்று அன்று மாலையே தகவல் வந்தது. அதற்கு முன், திரும்பும் பேருந்தில் அம்மா மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தார். மாமா ஜன்னல் வழியே வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு வேறு பயம். ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே லென்ஸின் எண்ணைச் சொல்லிவிடுகிறார் என்றால், அறிவியல் டீச்சர்களிடம் இந்த உலகத்தில் எதைத்தான் மறைக்க முடியும்? அந்தப் பயத்திலேயே அறிவியலில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன்.