பனி காணாத கலப்பை

அப்பா பனிக்கலப்பை செய்த குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் பனியைக் கண்டிருக்கவில்லை. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் மழை பெய்யும், காற்று அடிக்கும், சில காலைகளில் புல்லின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்து பள்ளிக்கூட மணி அடிக்குமுன் காணாமல் போய்விடும். எங்களிடம் இருந்த பனி எல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் ஒட்டியிருந்ததுதான். அப்பா ஒருநாள் அதைக் கரண்டியால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். மேசையில் இருந்த சித்தப்பா சொன்னார்: "அண்ணை, அதுக்குக் கொஞ்சம் சீனி போட்டுப் பிள்ளையிட்டக் குடுங்கோ. வீணாப் போகப்போகுது."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. சான்ட்ரிங்ஹாமில் ஒரு வாடகை வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான். ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அப்பா, ஒடாஹுஹுவில் கேற்றுகளும் ட்ரெய்லர்களும் செய்யும் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை செய்தார். தெற்கே மலையடிவாரத்தில் விடுதி நடத்தும் ஒருவர் அந்தப் பட்டறைக்கு வந்து, தன் சிறிய டிராக்டரின் முன்னால் பூட்ட ஒரு பனிக்கலப்பை வேண்டும் என்றார். ஆழமான பனியைப் பிளந்து பாதை எடுக்க, படகின் முன்பக்கம் போல இரண்டு தகடுகள் மூக்கில் வந்து சேரவேண்டும். யாரால் முடியும் என்று முதலாளி கேட்டபோது முதலில் உயர்ந்தது அப்பாவின் கை.

உயர்த்தாமல் இருக்க முடியாது. எங்கள் விசா முடியப்போகிறது. கலப்பை சரிவந்தால் அப்பாவை நிரந்தரமாக வைத்துக்கொண்டு விசாவுக்கும் உதவுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"சரிவராட்டி?" என்று சித்தப்பா கேட்டார்.

"சரிவராட்டித் திரும்பிப் போகவேண்டியதுதான்."

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் அகப்பை ஒரு கணம் நின்று, மறுபடி நடந்தது.

எனக்கு எட்டு வயது. எதையும் வரிசைப்படுத்தி வைக்கும் பழக்கம் அப்போதே இருந்தது. என் பயங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. வகுப்பில் பெயர் கூப்பிடும் நேரம் கடைசி. அதற்கு மேலே பக்கத்து வீட்டு நாய். எல்லாவற்றுக்கும் உச்சியில், ஊரில் சுட்டுக்கொண்டு வந்த ஹெலிகொப்டர். புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டால்கூட நான் மேசைக்கு அடியில் போய்விடுவேன். திரும்பிப் போவது என்றால் எனக்கு அந்தச் சத்தத்திடம் திரும்பிப் போவது. ஆகவே அப்பாவின் கலப்பை சரிவர வேண்டும் என்பதில் அப்பாவை விட எனக்கு அவசரம்.

அப்பா காலை உணவுத் தானியப் பெட்டியின் மட்டையை வெட்டி ஒரு மாதிரி செய்தார். தட்டத்தில் அரிசிமாவைக் கொட்டி, அதற்குள் அந்த மட்டை மூக்கைத் தள்ளிக் காட்டினார். ஒற்றைத் தகட்டைச் சாய்வாக வைத்தால் மா ஒரு பக்கம் குவிந்து மட்டையை மற்றப் பக்கம் தள்ளியது. இரண்டு தகடுகளும் சேர்ந்தால் இரு பக்கத் தள்ளலும் ஒன்றையொன்று தின்றுவிட, மூக்கு நேராகப் போனது. நான் கைதட்டினேன். அம்மா மட்டும், "நாளைக்கு இடியப்பத்துக்கு மா இல்லை," என்றார்.

சித்தப்பாவுக்கு வேறு கவலை. அவர் வன்னியில் வயல் செய்தவர். "மூக்கு இன்னும் பணியவேணும் அண்ணை. நிலத்தைக் கடிக்காதது கலப்பையே?" என்று நாள்தோறும் சொன்னார். கடைசியில் அப்பா மூக்கைத் தாழ்த்திவிட்டார்.

எங்கள் சாமியறை, சமையலறை அலுமாரியின் ஒரு தட்டு. ஒரு மாலை நான் தண்ணீர் குடிக்கப் போனபோது அம்மா அலுமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றார். "பிள்ளையாரப்பா, இது சரிவரக் கூடாது. என்னை அவளிட்டக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு."

அவள் என்றது என் சின்னம்மாவை. அம்மாவின் ஒரே தங்கை, ஒரு கால் இயலாதவர். விசா எங்கள் நால்வருக்குத்தான் கிடைத்தது. சின்னம்மா யாழ்ப்பாணத்து வீட்டில் தனியாக இருந்தார்.

நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். அம்மாவின் வேண்டுதல் பலிக்காமல் போனதே இல்லை. எனக்கு வந்த அம்மை இறங்கியது அப்படித்தான். சோதனைச் சாவடியில் மறித்து வைத்த அப்பா வீடு வந்ததும் அப்படித்தான். அன்றிலிருந்து என் வரிசையின் உச்சியில் ஹெலிகொப்டர் இல்லை. அம்மா இருந்தார். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து நானும் அலுமாரியைத் திறந்து எதிர்வேண்டுதல் வைத்தேன். தமிழில் ஒருமுறை, ஊர் மாறிவிட்டதே என்று ஆங்கிலத்திலும் ஒருமுறை.

பரீட்சித்துப் பார்க்கும் சனிக்கிழமை எல்லோரும் பட்டறைக்குப் போனோம். புதிய இயந்திரம் ஓடுமுன் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைக்க வேண்டும், அதை அம்மாதான் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. தேசிக்காய் கிடைக்காத ஊரில் பக்கத்து வீட்டு மரத்தின் பெரிய மஞ்சள் எலுமிச்சைதான் எங்களுக்குத் தேசிக்காய்.

பட்டறையின் பின்முற்றம் கழிமுகத்தை நோக்கிச் சரிந்து இறங்கியது. சரிவின் அடியில் பக்கத்து மர ஆலையின் மரத்தூள் மலையாகக் குவிந்து, பல நாள் மழையில் ஊறிக் கிடந்தது. அதுதான் எங்கள் பனி. அதற்கு அப்பால் வேலி இல்லை. கண்டல் மரங்களும் கறுத்த சேறும். விடுதிக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் பூசிய கலப்பையைப் பூட்டியதும் அது தன்னை விடப் பெரிய மூக்கோடு நின்றது.

"தேசிக்காய் எங்கையப்பா?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"மரத்தில ஒண்டும் இல்லை."

அம்மாவின் கோட்டுப் பை இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. காலையில் அவர் பறித்ததை நான் பார்த்திருந்தேன். அப்பா தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

டிராக்டர் சரிவில் இறங்கி மரத்தூளில் மோதியது. தாழ்ந்த மூக்கு மண்ணைக் கடித்தது. பின்சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பி வெறுமனே சுற்றின. விழுந்ததும் ஈரத்தில் வழுக்கி, டிராக்டர் முழுவதும் பக்கவாட்டாகச் சேற்றை நோக்கி நகர்ந்தது. அப்பா எப்படியோ நிறுத்தினார். விடுதிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். இது உழுவதற்கில்லை, நிலத்தில் படாமல் மிதக்க வேண்டும் என்றார். சித்தப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலப்பையின் அடியில் இருந்த பாதத்தகடுகளை இறக்கி மூக்கை உயர்த்தினார்கள். ஆனால் பின்னால் பாரம் இல்லாவிட்டால் மறுபடியும் இதேதான் என்றார் முதலாளி. விடுதிக்காரர் இரும்புப் பாரங்களைக் கொண்டுவரவில்லை. அவர் அன்றே திரும்ப வேண்டும்.

"மட்டப்பலகைக்குப் பாரம் ஏத்துறமாதிரி ஏத்துவம்," என்றார் சித்தப்பா. வயலில் சேற்றைச் சமப்படுத்தும் பலகையின் மேல் ஆட்கள் ஏறி நிற்பது ஊர் வழக்கம். டிராக்டரின் பின்னால் நீட்டியிருந்த இரும்புக் கைகளில் ஒரு பலகையைக் குறுக்கே கட்டி அதில் அவர் குந்தினார். முதலாளி, "நோ, நோ," என்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். சித்தப்பா, "நோ புறொப்ளம்," என்றார். அவர் ஈர்க்கு மாதிரி இருப்பார். டிராக்டர் அசைந்ததும் சில்லு மறுபடி வழுக்கியது.

அந்த இரைச்சலுக்கு நான் அம்மாவின் கோட்டில் முகத்தைப் புதைத்தேன். அம்மா என்னைக் குனிந்து பார்த்துவிட்டு என் கையை விட்டார். "இஞ்சையே நில்," என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்.

"தம்பி, பாரத்துக்கு நீர் ஒராள் காணாது. தள்ளி இரும்."

"அண்ணி, சீலை சில்லுக்க போகும். இறங்குங்கோ."

அப்பா திரும்பிப் பார்த்தார். "நீர் ஏன் ஏறினீர்?"

"ஓடுங்கோ," என்றார் அம்மா.

டிராக்டர் இறங்கத் தொடங்கியது. எனக்குக் கணக்கு மிகத் தெளிவாக இருந்தது. இது சரிவரக் கூடாது என்று கேட்டவர் அதன் மேலேயே ஏறியிருக்கிறார். பிள்ளையாருக்கு அம்மாவின் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. கேட்டதைக் கொடுத்துவிடுவார், அம்மாவோடு, அப்பாவோடு, சித்தப்பாவோடு எல்லாம் அந்தச் சேற்றுக்குள் போய்விடும். வேண்டுதலைத் திருப்பி எடுத்துவிட்டீர்களா என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் டிராக்டர் மரத்தூளை நெருங்கிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இயந்திரத்தின் சத்தம் தடித்தது, முக்கியது, பின்னர் சீரானது.

கண்ணைத் திறந்தபோது மரத்தூள் மலை இரண்டாகப் பிளந்திருந்தது. நடுவே நேரான ஒரு பாதை. அதன் முடிவில், சேற்றுக்கு இப்பால், டிராக்டர் நின்றது. அம்மா தலை முதல் கால் வரை மரத்தூளாக, பலகையை இறுகப் பிடித்தபடி இருந்தார். இயந்திரங்களின் பாரத்தைக் கணக்கிடுவதுதான் இன்று என் தொழில். அம்மா ஏறாவிட்டால் அந்தச் சில்லு பிடித்திருக்குமா என்ற கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்த்ததில்லை.

விடுதிக்காரர் அப்பாவின் கையைக் குலுக்கினார். முதலாளி அப்பாவின் முதுகில் தட்டினார், திங்கட்கிழமை உட்கார்ந்து பேசுவோம் என்றார். வரும் வழியெல்லாம் அப்பா விசிலடித்தார்.

"அண்ணி, கலப்பையோட உங்களையும் அனுப்பச் சொல்லுறார் அந்த மனுசன்," என்றார் சித்தப்பா. அம்மா கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோட்டுப் பையிலிருந்து இரண்டு எலுமிச்சைகளையும் எடுத்துப் பிள்ளையாரின் முன் வைத்தார். அலுமாரிக் கதவை மூடினார். பிறகு கோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். பிள்ளையார் இந்தமுறை என் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார் என்ற பெருமையில் நான் பலகாரத் தட்டோடு யன்னலருகில் இருந்தேன்.

அம்மா எனக்கு முதுகு காட்டி நின்று கோட்டை உதறினார். முதலில் தூள் கொத்துக் கொத்தாக விழுந்தது. பிறகு குறைந்தது. பிறகு ஒன்றுமே விழவில்லை. அம்மா நிறுத்தவில்லை, உதறினார், நின்றார், தோள் குலுங்கக் குலுங்க மறுபடி உதறினார். ஈர மரத்தூள் இவ்வளவு இலகுவில் போகாதா என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.