ஆறுமுகநயினாரின் ஆவிப்பானை

ஆறுமுகநயினார் தகரத்தை நக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாம்பலும் புளியும் போட்டு மூன்று நாள் தேய்த்த மண்ணெண்ணெய் டின். இன்னும் வாடை தட்டுகிறதாம். “ஏளா, இன்னொருக்கா தேயி” என்று மனைவியிடம் நீட்டுகிறார். “நாக்கு அறுந்து விழுந்தாத்தான் ஒங்களுக்குப் புத்தி வரும்” என்று சொல்லிக்கொண்டே செல்லத்தாய் வாங்கிக்கொள்கிறாள்.

தூத்துக்குடியில், வள்ளங்கள் ஒதுங்கும் கரையை ஒட்டி அவருக்கு ஒரு தகரக் கடை. விளக்கு, புனல், எண்ணெய்க் கரண்டி எல்லாம் செய்வார். ஆனால் அவர் பேரைக் கரையெங்கும் சொல்ல வைத்தது ஆவிப்பானைதான்.

சங்கு குளிக்கிறவர்கள் பத்து, பதினைந்து நாள் தீவில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அங்கே நல்ல தண்ணீர் சொட்டுக் கிடையாது. இங்கிருந்து பீப்பாயில் போக வேண்டும். வெண்கலப் பானை கனம். மண்பானையோ வள்ளம் குலுங்கினால் போச்சு. இவருடைய பானையை ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். வெளி டின்னில் கடல்நீர் கொதிக்கும். உள்ளே தொங்கும் சின்னப் பானையில் அரிசியும், அரிசி குடிக்கிற அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீரும். சோறு ஆவியிலேயே வெந்துவிடும், வடிக்கிற பேச்சே இல்லை. யார் சொல்லித் தந்தது என்று கேட்டால், “வீட்டு இட்லிக் கொப்பரைதான் சொல்லிச்சு. நான் கேட்டுக்கிட்டேன், அம்புட்டுதான்” என்பார். மனுஷனுக்கு மூளை எங்கெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்.

போன வருஷம்தான் சறுக்கிவிட்டது. உள்பானையின் அடியை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். தீவில் கடல்நீர் வற்றியதை யாரும் கவனிக்கவில்லை. ஈயம் உருகி அடி விட்டது. மறுபடி ஊற்றிய கடல்நீர் சோற்றுக்குள் ஏறிவிட்டது. பகலெல்லாம் முங்கிவிட்டு ஒருவேளைச் சோற்றுக்குக் காத்திருந்த எட்டுப் பேரும் பட்டினி. உலகச் சண்டை முடிந்தும் அரிசி ரேஷனில் அளந்து கிடைக்கிற காலம் இது. கரைக்கு வந்ததும் வள்ளத்தை நடத்தும் தண்டல் ஹென்றி பானையைக் கடை வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவருக்கு மனசு ஆறியிருக்கும்.

அதிலிருந்து சோற்றுப் பானைக்கு ஈயத்தைத் தொடுவதில்லை. ஓரங்களை மூன்று மடிப்பாக மடித்து, மரச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறார். “ஈயம் வெளக்குக்கு. சோத்துக்கு மடிப்புதான்.” எத்தனை பேர் பாராட்டினாலும் ஹென்றி வள்ளத்தில் பானை ஏறினால்தான் அவருக்கு உறக்கம் வரும். அது வெளிப்படையாகவே தெரிந்தது.

இந்த வருஷம் வள்ளம் கிளம்பும் காலையில் பானையோடு கரைக்குப் போனார். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். முதலில் வெறும் பானையை வைத்து, வெளி டின்னில் கடல்நீரை வேண்டுமென்றே வற்றவிட்டார். தகரம் கறுத்தது. மறுபடி கடல்நீர் ஊற்றி, அதற்குப் பிறகுதான் தன் வீட்டு ரேஷன் அரிசியைப் போட்டார். செல்லத்தாய் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். இரண்டு நாள் அரிசி அது.

வெந்ததும் ஹென்றி ஒரு பிடி அள்ளி மென்றார். எட்டுப் பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“உப்பு ஏறல” என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “இங்கன சரி, அண்ணாச்சி. கரையில எந்தப் பானையும் வேகும். அங்கன காத்துல எப்படின்னு யாரு கண்டா? பயலுவ போன வருசத்த மறக்கல” என்றார்.

“நியாயந்தான், தண்டல்.”

ஆறுமுகநயினார் பானையைத் தூக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வள்ளத்தில் ஏறி, பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏங்க, எங்க போறீய?” செல்லத்தாய் பதறிப்போனாள். இந்த மனுஷன் இதுநாள்வரை வள்ளத்தில் கால் வைத்ததில்லை.

“சோறு பொங்கத்தாம் போறேன். சோறு கெட்டா நானும் பட்டினி கெடக்கேன்.”

ஹென்றி வள்ளத்தின் ஓரத்தில், தீவில் சோறு பொங்கவென்று வைக்கோல் சுற்றிக் கட்டியிருந்த மண்பானைகள் இரண்டையும் அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து செல்லத்தாயின் கையில் கொடுத்தார்.