நடுவீட்டுச் சுவருக்கு நான் பூசிய மஞ்சள்

அத்தான், எங்கள் பக்கத்தை வேண்டுமென்றே இருட்டாக்கியது நீங்கள்தான்.

மாமா கட்டிய வீட்டை, அவர் போன பிறகு, அண்ணன் நீங்களும் தம்பி என் வீட்டுக்காரரும் பாகம் பிரித்துக்கொண்டீர்கள். எழுபதுகளின் நடுவில். சங்கரன்கோவிலில் அப்போது பாதி வீடுகள் அப்படித்தான் பிரிந்தன. வாசலிலிருந்து புறவாசல் வரை நீளவாக்கில் நடுவீட்டில் ஒரு சுவர். தென்பாதி உங்களுக்கு, வடபாதி எங்களுக்கு. மூத்தவர் என்று முதலில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருந்தது. கேட்டீர்கள். வீட்டின் ஜன்னல் எல்லாமே தென்பக்கம். எங்கள் வடபக்கம் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியது, எலி நுழையக்கூட அதில் பொந்து கிடையாது. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. நடுவில் நின்றால் உலையில் அரிசி வெந்ததா என்று பகலிலேயே விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

கொத்தனாரைக் கூட்டி வந்ததும் நீங்கள்தான். உங்கள் பக்கம் சுவரைப் பூசி, தேய்த்து, வெள்ளை அடித்துக் கன்னம் மாதிரி வழுவழுப்பாக்கினீர்கள். எங்கள் பக்கம் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பிதுங்கிய சாந்தைக்கூட வழித்து எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "உங்க பக்கம் உங்க பாடுலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

டீக்கடையில் சொன்னது வேறு. "அந்த இருட்டுக்குள்ள எத்தன நாள் கெடப்பான்? தானா வந்து எழுதிக் குடுத்துட்டுப் போவான் பாரும்." இதை என் வீட்டுக்காரரே காதால் கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரிசி மண்டியில் வேலை. சண்டை போடத் தெரியாத மனிதர்.

"ஏட்டி, வேற எங்கனயாவது வாடகைக்குப் பாப்பமா?" என்றார்.

"எதுக்கு?"

"புள்ளைக்கு இருட்டுல கண்ணு போயிரும்லா."

"இருட்டு வீட்டுல இல்ல, சுவத்துல இருக்கு. சுவத்த நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்குள் நிறம் என்றால் வெள்ளை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு, அதில் துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். காவி கோயில் மதிலுக்கு. பச்சையும் சிவப்பும் தேருக்கு. குடியிருக்கிற வீட்டுக்குள் நிறம் பூசினால் கூத்துக் கொட்டகையா என்று கேட்பார்கள். எனக்கு மஞ்சள் வேண்டும் என்று தோன்றியது. காலையில் எங்கள் ஊர்ப் பக்கம் மலைக்கு மேலே ஒரு வெளிச்சம் வருமே, அந்த மஞ்சள். என் அம்மா வீடு சிவகிரிப் பக்கம். அங்கே வயலில் மஞ்சள் போட்டிருந்தார்கள். வண்டு விழுந்து விலைக்குப் போகாத மஞ்சள் ஒரு சாக்கு மூலையில் கிடந்தது. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். உரலில் போட்டு இடித்துச் சலித்தேன்.

முதலில் சுவரைப் பூச வேண்டும். கொத்தனார் மாதிரி வழுவழுப்பாகப் பூச எனக்குக் கை வராது. வராததை ஏன் செய்ய வேண்டும்? களிமண்ணில் உமியைப் போட்டு மிதித்துச் செங்கல் மேல் அப்பினேன். மேலே சுண்ணாம்பைக் கெட்டியாகப் பூசி, ஈரமாக இருக்கும்போதே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூட்டை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். அதான், முதுகு தேய்க்கிறோமே, அந்தக் கூடு. எடுக்க எடுக்கச் சுண்ணாம்பு முள் முள்ளாக நின்றது. பலாப்பழத் தோல் மாதிரி இருந்தது. பிள்ளை வந்து தடவிப் பார்த்துவிட்டு, "கூசுதும்மா" என்று சிரித்தாள். சுவரைத் தொட்டு ஒரு பிள்ளை சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் ஒன்றாகக் கரைத்தால் சிவந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்திருக்கிறேன்! அதனால்தான் சுண்ணாம்பைத் தனியாகப் பூசினேன். அது காய்ந்த பிறகு, சோற்றுக் கஞ்சியில் மஞ்சளைக் கரைத்து மேலே அடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் காற்று வராத வீடு, கெட்டியான பூச்சு. உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது.

வாளியில் மஞ்சளாக இருந்தது. தென்னை நார் மட்டையில் தொட்டுச் சுவரில் இழுத்தேன். மஞ்சளாகத்தான் போனது. அடுத்த இழுப்புக்கு வாளியில் முக்கிவிட்டுத் திரும்பினால் முதல் இழுப்பு சிவந்து நிற்கிறது. சரி, மேலே இன்னொரு பூச்சு அடித்தால் அடங்கும் என்று அடித்தேன். அதுவும் சிவந்தது. கையோடு முழுச் சுவரையும் அடித்து முடித்தேன். முழுச் சுவரும் சிவந்தது. முள்ளுக்கு முள் சிவப்புத் தண்ணீர் தேங்கி, கோடு கோடாகத் தரைக்கு வழிந்தது.

மறுநாள் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. பனவடலிசத்திரத்திலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் அன்று சாயங்காலமே வந்து இறங்கினார்கள். வருஷா வருஷம் நம் வீட்டில் தங்கித்தான் தபசு பார்ப்பார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். கதவு திறந்திருந்தது. நான் முழங்கை வரை சிவப்போடு நின்றேன்.

நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. தெருவே கேட்கிற மாதிரி என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டீர்கள்.

"ஏலே, உன் பொண்டாட்டி என்ன காரியம் பண்ணி வச்சிருக்கா பாத்தியா? சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் குடியிருக்கேம்லா. ரத்தத்தத் தடவி எனக்குச் செய்வினை வைக்கா!"

"அத்தான், அது மஞ்சள். ஈரச் சுண்ணாம்புல பட்டுச் செவந்துட்டு. நம்பலன்னா நக்கிப் பாருங்க" என்றேன்.

உங்கள் சொந்த அத்தை, பனவடலிசத்திரத்து அத்தை, உள்ளே வந்து மோந்து பார்த்தாள். வெற்றிலை வாயோடு சிரித்தாள். "ஏ கூறுகெட்டவனே, மூத்தவன்னு உனக்கு ஆரத்தில்லா எடுத்திருக்கா! தட்டுல ரூவாயப் போட்டுட்டு நெத்தியக் காட்டு."

அத்தையோடு சேர்ந்து சிலர் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. எம் புள்ளைக்கு ஒண்ணு ஆனா அப்பத் தெரியும்" என்றீர்கள். பிள்ளையைச் சொன்னதும் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கு அத்தை ஒருத்தியைத் தவிர யாரும் எங்கள் பக்கம் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எல்லாரும் உங்கள் பக்கம் படுத்தார்கள். அத்தை மட்டும் அந்தச் சுவர் ஓரத்தில் பாயை விரித்துக் குறட்டை விட்டாள்.

தபசு முடிந்து அவர்கள் போகும் முன் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "செய்வினை வச்ச வீட்டுல பக்கத்துல பக்கத்துல குடியிருக்க முடியாது. அவனுக்குள்ள பாகத்த நான் எடுத்துக்கிடுதேன். வேற இடம் பாத்துப் போகட்டும்." இருட்டு விரட்டாததைச் செய்வினையைச் சொல்லி விரட்டலாம் என்று பார்த்தீர்கள். என் வீட்டுக்காரர் அன்று முதல்முறையாக உங்களை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, நாங்க போகல" என்றார். எனக்கு அது போதும்.

சுவர் காயக் காயச் சிவப்பு இறங்கியது. முதலில் உடைந்த செங்கல் மாதிரி செங்காமட்டை நிறம், பிறகு அங்கங்கே திட்டுத் திட்டாக மஞ்சள். வெளிச்சம் படும் புறவாசல் பக்கம் வெளுத்தே போய்விட்டது. பார்க்கச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. வேறு யாராவது என்றால் பேசாமல் வெள்ளை அடித்திருப்பார்கள். எனக்கு வெள்ளை அடித்தால் நீங்கள் சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி. நன்றாகக் காயவிட்டேன். பிறகு கடையில் மஞ்சள் காவிப் பொடி வாங்கினேன். அது மண். சுண்ணாம்போடு சேர்த்தாலும் குணம் மாறாது. சும்மா கோலப்பொடி மாதிரி வெளுப்பாக வேண்டாம் என்று அள்ளிப் போட்டுக் கரைத்தேன். இந்த முறை சுவரின் ஒரு மூலையில் அடித்து, காயவிட்டு, பார்த்துவிட்டுத்தான் மீதியை அடித்தேன்.

அன்று சாயங்காலம் புறவாசல் கதவைத் திறந்து வைத்தேன். மேற்கு வெயில் சாய்வாக உள்ளே வந்து சுவர் நெடுக நீளமாகப் படர்ந்தது. பீர்க்கங்கூடு எடுத்துவிட்ட ஒவ்வொரு முள்ளிலும் வெளிச்சம் தனித்தனியாகத் தொத்திக்கொண்டது. உங்கள் பக்கத்து வழுவழுப்புச் சுவரில் வெயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் பக்கம் தங்கியது. பிள்ளை நடுவீட்டில் விளக்கில்லாமல் பாடம் படித்தாள். என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, சுவத்துல ஜன்னல் எதும் வச்சுட்டியா?"

"ஆமா, ஒங்க அண்ணன்ட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு கை அடங்கவில்லை. அடுப்படிக்குக் காவிச் சிவப்பு. மாடக்குழிக்குள் மட்டும் துணி நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து மயில் கழுத்து நிறம். ஒரு தடவை பச்சை பூசிப் பார்த்தேன், பாசி பிடித்த கிணறு மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். "கோயில் தேர இழுத்துட்டு வந்து உள்ள நிறுத்திட்டா" என்று தெருவில் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்கள்தான் முதலில் பார்க்க வந்தார்கள். கொஞ்ச காலத்தில் எதிர்வீட்டில் ரோஸ் வந்தது. மூலை வீட்டில் சீப்பை வைத்து இழுத்து அலை அலையாகச் சுவர் பூசினார்கள். பீர்க்கங்கூடு இரவல் கேட்டு வந்தவர்களும் உண்டு. நாங்கள் எங்கும் போகவில்லை. பிள்ளை அந்த வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் முடித்தாள்.

இப்போது உங்கள் மகனுக்குக் கல்யாணமாகி, ராஜபாளையத்துப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. போன மாதம் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"சின்னத்தே, எங்க பக்கம் பூரா வெள்ளையா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நானும் ஒரு சுவத்துக்கு இந்த நீலம் அடிக்கட்டுமா?"

"உள்ள வந்து நல்லாப் பாருட்டி."

"வரக்கூடாதாம். மாமா சொல்லியிருக்காக. இங்க செய்வினை இருக்காம்."

அவள் சொல்லும்போதே சிரித்தாள். ஆனாலும் வாசற்படியைத் தாண்டவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் புதிதாக வந்த பெண்ணையும் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அவள் கேட்பது ஒரு சுவர். ஒரு சட்டி நீலம். என் பிள்ளை தடவிச் சிரித்த மாதிரி, நாளைக்கு அவள் பிள்ளையும் தடவிப் பார்க்கட்டுமே. அவளுக்கென்று ஒரு பீர்க்கங்கூட்டைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே கேட்கிறேன், அத்தான். இந்த ஆடித்தபசுக்கும் பனவடலிசத்திரத்திலிருந்து எல்லாரும் வருவார்கள். அன்றைக்குக் கேட்டவர்களில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நில்லுங்கள். என்னிடம் தனியாக வந்து சமாதானம் பேச வேண்டாம், தம்பி மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். நான் செய்வினை வைத்தேனா, இல்லையா? வைத்தேன் என்றால் அதனால் உங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தது என்று சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று உங்கள் வாயால், உங்கள் மருமகள் கேட்க, பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள்.