முன்சில்லு மட்டும் நம்மட

என் அப்பாவைப் போல ஒரு கஞ்சன் எங்கள் ஊர் தன்னாமுனையிலேயே இருக்க முடியாது என்று மூன்றாம் ஆண்டு படிக்கும் சிறுமியாக இருந்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டு முற்றத்தில் புத்தம் புதிய சிவப்பு ஓட்டோ ஒன்று நின்றது. காலையில் அப்பா அதில் அயல் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். நானும் அதே பள்ளிக்கூடம்தான். ஆனால் நான் நடந்து போவேன். பாதி வழியில் என்னைக் கடக்கும்போது அப்பா பாம் பாமென்று கோன் வேறு அடிப்பார். உள்ளே இருக்கிற ஆறு பேரும் கை காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முன் அப்பா ஓட்டியது வேறொருவருடைய ஓட்டோ. நாள் வாடகை கொடுத்தது போக மிஞ்சுவது அரிசிக்கும் மீனுக்கும் சரியாக இருக்கும். சாகும்வரை இன்னொருவனுக்கு வாடகை கட்ட முடியாது என்று மாதா மாதம் காசு கட்டுகிற நாலு வருட லீசிங்கில் இதை எடுத்தார். ஊர் அதிசயப்பட்டது. நெருப்புப்பெட்டிகூடக் கடனுக்கு வாங்காத மனிதர் அவர். கடைக்காரரின் கொப்பியில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு பக்கமே கிடையாது.

"உழைச்சுத் தாற சாமானுக்குக் கடன் படலாம். திண்டு முடிக்கிற சாமானுக்கு ஏலா" என்பார்.

"அப்ப சோறு உழைக்கல்லியா? அதத் திண்டுபோட்டுத்தானே நீங்க ஓட்டோ ஓடுறீங்க" என்று அம்மா கேட்பா. அப்பா சீனி போடாத தேத்தண்ணியைக் குடிப்பார்.

நானும் ஓட்டோவில்தான் போவேன் என்று ஒருநாள் அழுது புரண்டேன். அப்பா என்னைத் தூக்கி ஓட்டோவின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இது இன்னும் நம்மடதில்ல மனே, லீசிங் கொம்பனிட. இந்த மாசம் கட்டின காசுக்கு முன்சில்லு மட்டும் நம்மட."

அதை அப்படியே நம்பினேன். அன்றே பழந்துணி எடுத்து முன்சில்லை மட்டும் துடைத்தேன். மற்றதெல்லாம் சேறாகவே இருந்தது. அதன்பிறகு மாதா மாதம் அப்பா காசு கட்டிவிட்டு வரும்போது வீட்டு வாசல் படலையில் நின்று, "இண்டைக்கு என்ன வந்த?" என்று கேட்பேன். அப்பா கொஞ்சம் யோசித்துச் சொல்வார். ஒரு மாதம் கோன் வந்தது. ஒரு மாதம் ஹெட்லைட். பிறகு வைப்பர், இடப்பக்கக் கண்ணாடி, வலப்பக்கக் கண்ணாடி. எல்லாவற்றையும் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். நான் காத்திருந்த பின்சீற் மட்டும் வரவில்லை. அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். விலை கூடிய சாமானாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மாமா வேறு மாதிரி. அவர் அம்மாவின் தம்பி. அவர் வீட்டில் டிவி, பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் எல்லாமே தவணைக்கு வந்தவை. ஒன்றின் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பார். எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தருகிற ஒரே ஆள் என்பதால் நான் மாமாவின் கட்சி. ஒருநாள் லீசிங் ஆட்கள் இரண்டு பேர் வந்து அவருடைய மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். மாமா இடுப்பில் கட்டிய சாரத்தோடு படலையில் நின்று, "பாதிக்கு மேல கட்டிட்டனே" என்று மட்டும் சொன்னார். பாவமாக இருந்தது. ஆனால் அதைவிடக் கோபமாக இருந்தது. பாதி கட்டியவர் அந்தப் பாதியை முதலே கழற்றி வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டாமா?

அந்த வருட மாரி மழையில் வாவி பெருகி எங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் பூட்டு. மூன்று வாரமாக ஓட்டமில்லாமல் ஓட்டோ முற்றத்து மேட்டில் நின்றது. காசு கட்டுகிற நாளும் போய்விட்டது. அப்பா எங்கும் போகவில்லை. நான் படலையில் நின்றது வீணானது.

இரண்டு நாள் கழித்து, கழுசானை முழங்கால்வரை மடித்து, ஒரு கையில் சப்பாத்தும் மறு கையில் பைலுமாக ஒருவர் தண்ணீருக்குள் நடந்து வந்தார். எங்கள் வீட்டில் இருந்த மாமாவின் முகம் கறுத்துப்போனது. "லீசிங் ஆள் அத்தான்" என்றார்.

எல்லோரும் உள்ளே கதைத்துக்கொண்டிருந்தபோது நான் அப்பாவின் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓட்டோவிடம் ஓடினேன். முன்சில்லு அசையவில்லை. கண்ணாடிகள் இரண்டும் கழன்றன. வைப்பரை இழுத்தே எடுத்துவிட்டேன். மூன்றையும் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு நல்ல பிள்ளையாக அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றேன்.

வந்தவர் சிரித்த முகமாக இருந்தார். "ஒரு மாசமும் பிந்தல்ல அண்ணன். ரெண்டு மாசக் காசு முன்னுக்கும் கட்டி வெச்சிரிக்கீங்க. உங்களுக்கு இன்னொரு லோன் தரலாம். டிவி, பிரிட்ஜ் எதெண்டாலும் எடுக்கலாம்."

பிரிட்ஜ் என்றதும் அம்மா நிமிர்ந்தா. அப்பா அம்மாவைப் பார்த்தார், வெளியே தண்ணீரைப் பார்த்தார்.

"முதல்ல இது முடியட்டும் தம்பி" என்றார்.

வந்தவர் முற்றத்துக்கு இறங்கியதும் திரும்பி, "அண்ணன், ஓட்டோட கண்ணாடி ரெண்டும் எங்க?" என்று கேட்டார். அப்பா பதறி ஓடினார். கள்ளன் வந்துவிட்டான் என்றார் மாமா. பகல் சோற்றுக்கு அரிசி அளக்கப்போன அம்மா, கையில் வைப்பரோடு வந்தா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் கட்டி முடிஞ்ச சாமான். நம்மடதத்தான் கழட்டினன். சீற்றத் தொடல்ல."

அப்பா வாசற்படியில் குந்தியிருந்து சிரித்தார். வந்தவர் சப்பாத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்காமல் கிணற்றடிக்குப் போய்விட்டார். பிறகு அப்பாவும் அங்கே போனார். வெள்ளம் வடிந்ததும் எங்கள் ஓட்டோவின் பின்னேர ஓட்டத்தை மாமா ஓடத் தொடங்கினார். அதில் வந்த பங்கில் தன்னுடைய கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தார். ஐஸ்கிறீம் நின்றுபோனதில் எனக்குத்தான் நட்டம்.

கடைசிக் காசு கட்டியபோது நான் ஏழாம் ஆண்டு. அப்பா பின்சீற்றைத் தட்டி, "வந்திட்டு மனே, ஏறு" என்றார். ஆறு பேருக்கான சீற்றில் நான் ஒருத்தி மட்டும் நடுவில் இருந்து வாவிக்கரைவரை போய்வந்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அடுத்த நாள் காலை அப்பா அயல் பிள்ளைகள் ஐந்து பேரைத்தான் ஏற்றினார்.

போன மாதம் என் தையல் கடைக்கு ஒரு மெஷினை லீசிங்கில் எடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அப்பாவிடம் கேட்டேன், அந்தச் சீற் அவ்வளவு விலையா என்று.

"விலையெல்லாம் இல்ல" என்றார் அப்பா. "மாசா மாசம் கட்டுற அந்தக் காசில கொம்மாக்கு ஒரு பிரிட்ஜ் எடுப்பம் எண்டு எத்தின தரம் கை போன தெரியுமா? ஆனா வீட்ட வந்தா, இண்டைக்கு என்ன வந்த எண்டு கேட்டு நீ நிப்பாய். உனக்குச் சொல்ல ஏதாவது வேணுமே எண்டுதான் கொண்டுபோய்க் கட்டினன். சீற்ற முதலே தந்திருந்தா, பிறகு நீ என்னத்துக்கு மனே படலைக்கு வரப்போறாய்?"