மபாஸா விடாத இடைவெளி

கண்டி பஸ் வந்து நின்றால் மபாஸா உடனே ஏறமாட்டார். போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இந்த 'ண்'ணப் பாருங்களேன், பக்கத்து எழுத்துல சாஞ்சிக்கிட்டு ஈக்கிது" என்பார். அதற்குள் பஸ் போய்விடும். மாத்தளை ஸ்டாண்டில் இப்படி அவர் தவறவிட்ட பஸ்களில் இரண்டு என் கண்ணெதிரே போனவை.

இணையப் பக்கங்களுக்கு எழுத்துரு தேர்ந்து, அளவும் நிறமும் இடைவெளியும் சிஎஸ்எஸ் என்ற கணினிக் குறிமொழியில் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். மாடியறையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிப்போன பிளேன் டீ. கலியாணக் கார்ட் கொண்டுவருகிறவர்கள் அதைக் கணவர் ஷிஹாமின் கையில் திணித்துவிட்டு ஓடுகிறார்கள். ஒருமுறை மபாஸா மாப்பிள்ளையின் வாப்பாவிடமே, "மாப்புள்ள நல்லம். பேர எழுதின எழுத்துத்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டார்.

எல்கடுவையில் ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத்துக் கிளார்க் நாகமுத்து, தன் வீட்டில் மூன்று அறைகளை உல்லாசப் பயணிகளுக்காக ஒழுங்குபண்ணி, "எங்கள் வீடு" என்று பெயர் வைத்தார். இணையப் பக்கம் மபாஸாவின் வேலை. தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டு, கீழே படம் ஒட்டி நிற்பதற்காக, எழுத்துக்கு மேலும் கீழும் இடம் விடும் வரி உயரத்தை இறுக்கினார். தன் போனில் பார்த்தார். அழகாக இருந்தது. இரண்டு நாள் அதையே ரசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நாகமுத்து அழைத்தார்.

"மிஸ், கண்டியிலருந்து ஒருத்தர் பேசுனாருங்க. 'ஐயா, ஒங்கள யாரு புடிச்சு வச்சிருக்கா? பொலிசுக்குச் சொல்லவா?'ன்னு கேக்குறாரு."

"ஏன் அப்பிடிக் கேட்டாரு?"

"எங்கள விடுன்னு போட்டிருக்காம்."

"என்ட போன்ல சரியா ஈக்கிதே" என்றார் மபாஸா. ஆனாலும் உடனே பஸ் ஏறினார், போர்டைக்கூடப் பார்க்கவில்லை.

நாகமுத்துவின் மனைவி வேலம்மா தன் பழைய போனை நீட்டினார். அதில் மபாஸா தேர்ந்த எழுத்துரு ஏறவேயில்லை. போன் தன்னிடமிருந்த உயரமான எழுத்தைப் போட்டிருந்தது. இறுக்கிய வரிக்குள் அடங்காமல் அதன் தலை வெட்டுப்பட்டிருந்தது. புள்ளிகளைக் காணோம். 'வீ'யின் சுழியைக் காணோம். தம்பதியர் தேயிலைக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்கும் படத்துக்கு மேலே, சிவப்பில்: எஙகள விடு.

மபாஸாவின் முகம் சுருங்கிவிட்டது. "இது என்ட பிழைதான்" என்றார் மெதுவாக.

வேலம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "முப்பத்தஞ்சு வருசமா நான் இவருகிட்ட சொல்றதத்தானே மிஸ் போட்டிருக்கீங்க!"

நாகமுத்து சிரிக்கவில்லை. சனிக்கிழமை வரவிருந்த முதல் குடும்பம், பக்கத்தைப் பார்த்தபின் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தது.

மபாஸா வாசற்படியிலேயே உட்கார்ந்து, வரி உயரத்தை ஒன்றிலிருந்து ஒன்று தசம் ஆறாக்கினார். தன் எழுத்துரு வராத போன்களுக்கு இன்னொன்றின் பெயரையும் சேர்த்தார். வேலம்மாவின் போனில் 'வீ' சுழியோடு எழும்பியதும், அந்தக் குடும்பத்துக்குத் தானே பேசினார். "இங்க யாரையும் கட்டி வைக்கல்லங்க. நான்தான் எழுத்துட கழுத்த நெரிச்சிட்டேன். பயப்படாம வாங்க." மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள்.

நாகமுத்துவுக்கு உயிர் வந்தது. உடனே ஒரு குறையும் வந்தது. "எடம் விட்டதுல படத்துல என் மூஞ்சி கீழ போயிருச்சே மிஸ்?"

திரும்பும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெண் கண்ணாடி விரிசல் விட்ட போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். மபாஸா இரண்டு வளைவுகள்வரை பொறுத்தார். பிறகு கையை நீட்டினார். "கோவிச்சிக்க வேணாம், ஒருக்கா தாங்களேன். ஒரே ஒரு பக்கம் பாத்துட்டுத் தாறேன்."